எஃப்(ஆர்) ஈர்ப்புக் கோட்பாட்டில் காஸ் விதி பொருந்தவில்லை: எங்கே பிசகு?

கேள்வி:

வணக்கம். வலுக்குறைந்த ஈர்ப்புப் புலத்தில் ஐன்ஸ்டைன் சமன்பாட்டை நேரியலாக்கினால் (முதற்படி உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால்), மாக்ஸ்வெல் சமன்பாடுகளை ஒத்த நான்கு சமன்பாடுகள் கிடைக்கின்றன. பொதுச் சார்பியல் பிறக்கும் முன்பே, 1893-இல், ஹெவிசைடு இந்த ஒப்புமையை எழுதியிருக்கிறார். அதே வழிமுறையை, எஃப்(ஆர்) கோட்பாட்டுக்கு, அதாவது புலச் சமன்பாடுகளைத் தரும் ஆக்ஷனில் காலவெளி வளைவின் அளவான ஆர்-உடன் அதன் இருபடியையும் சேர்த்த கோட்பாட்டுக்குச் செய்து பார்க்கிறேன். ஃபாரடே விதியும், ஈர்ப்புகாந்தப் புலத்துக்கு (நகரும் நிறை உண்டாக்கும், காந்தப்புலத்தை ஒத்த புலம்) மூலம் இல்லை என்னும் விதியும் ஒழுங்காக வருகின்றன. ஆனால் அசையாத நிறைக்கு, ஈர்ப்பு நிலையின் லாப்லாசியன் காஸ் விதிப்படி பை ஜி ரோவின் 4 மடங்காக வராமல், அதன் 16/3 மடங்கிலிருந்து ஆர்-இன் ஆறில் ஒரு பங்கைக் கழித்ததாக வருகிறது (ரோ என்பது அடர்த்தி, ஒளிவேகம் 1). ஹார்மோனிக் கேஜ் நிபந்தனையை (ஆயங்களைத் தேர்ந்தெடுக்கும் நிபந்தனை) வழக்கமான சுவடு மாற்றிய மெட்ரிக் (மெட்ரிக்கின் சிறு மாற்றத்திலிருந்து அதன் சுவட்டின் பாதியைக் கழித்தது) மீதுதான் விதித்தேன். எதைத் திருத்த வேண்டும்?

மறுமொழி 1:

உங்கள் விடை சரியானதே. இந்தக் கோட்பாட்டில் ஆர் தானே நிறையுள்ள ஒரு ஸ்கேலார் புலமாக நடந்துகொள்கிறது; அந்த ஸ்கேலாரின் நிறை மிகப் பெரிதாக இருக்கும் எல்லையில் ஆர் என்பது பை ஜி ரோவின் 8 மடங்கு. அதை இட்டால் 16/3-இலிருந்து 4/3 போய் 4 எஞ்சும்.

கேஜ் தேர்வுதான் கணக்கைக் குழப்புகிறது. சுவடு மாற்றிய மெட்ரிக்கிலிருந்து, எஃப்-இன் இரண்டாம் வகைக்கெழுவை ஆர்-ஆலும் மின்கோவ்ஸ்கி மெட்ரிக்காலும் (தட்டையான காலவெளியின் மெட்ரிக்) பெருக்கிய உறுப்பையும் கழித்துவிட்டு, அதன்மீது நிபந்தனையை விதியுங்கள். அலைச் சமன்பாடு பொதுச் சார்பியலில் உள்ளபடியே வந்துவிடும். கழித்த உறுப்பு மூலைவிட்டத்தில் மட்டுமே இருப்பதால், காலமும் வெளியும் கலந்த கூறுகளை, அதாவது நமது வெக்டர் நிலையை, அது தொடுவதே இல்லை. மிச்சம் ஸ்கேலாரின் சாய்வாக ஈர்ப்புமின் புலத்தில் (மின்புலத்தை ஒத்த, வழக்கமான ஈர்ப்புப் புலம்) சேர்கிறது. சாய்வுக்குச் சுழற்சி கிடையாது என்பதால்தான் ஃபாரடே விதி தப்பியது. ஆம்பியர் விதியில் காலவகைக்கெழு உள்ள உறுப்பில் அதே மிச்சம் தலைகாட்டும்.

புள்ளி நிறைக்கு, நியூட்டன் நிலை 1 கூட்டல் அடுக்குக்குறியாகத் தேயும் உறுப்பின் மூன்றில் ஒரு பங்கு என்னும் காரணியைப் பெறுகிறது. மெட்ரிக்கின் வெளிக்கூறில் அதே பங்கு கழிக்கப்படுகிறது. இரண்டையும் கூட்டினால் ஸ்கேலார் அடிபட்டுப் போகிறது. நிறையுள்ள இப்படியொரு துகளுக்கு மாக்ஸ்வெல்லில் இணை கிடையாது, ஆகவே ஒப்புமையை அந்த இடத்தில் வலிந்து பொருத்த வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

நன்றி, புதிய கேஜில் எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் வெக்டர் நிலை மாறவில்லை என்றால் லென்ஸ்-திர்ரிங் விளைவும் (சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை இழுப்பது) மாறக் கூடாதல்லவா? பின்நியூட்டன் சூத்திரத்தில் (நியூட்டன் ஈர்ப்புக்கு அடுத்த நிலைத் திருத்தம்) அது, 1-ஐயும் காமாவையும் கூட்டிய தொகையின் பாதிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது; காமா என்பது நிறை வெளியை எவ்வளவு வளைக்கிறது என்னும் அளவு, பொதுச் சார்பியலில் அது 1. இலேசான ஸ்கேலாருக்குக் காமா 1/2 என்றால் விளைவு 3/4 ஆகக் குறைந்துவிடுகிறதே?

மறுமொழி 2:

இரண்டு சூத்திரங்களிலும் உள்ள ஜி ஒன்றல்ல. பின்நியூட்டன் சூத்திரத்தில் இருப்பது சோதனையில் அளக்கப்படும் ஜி. இலேசான ஸ்கேலார் இருந்தால் அது சமன்பாட்டிலுள்ள ஜி-யின் 4/3 மடங்கு. 3/4-ஐ 4/3-ஆல் பெருக்கினால் 1, முரண் ஏதுமில்லை.

இதனால் ஆய்வில் விளையும் வேறுபாடு சுவையானது. புவியின் நிறையைச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதைகளிலிருந்தே பெறுகிறோம். எனவே ஜைரோஸ்கோப்பில் லென்ஸ்-திர்ரிங் விளைவு எதிர்பார்ப்பின் 3/4 ஆகவும், ஜியோடெட்டிக் விளைவு (புவியின் நிறை காலவெளியை வளைப்பதால் ஜைரோஸ்கோப்பின் அச்சு திரும்புவது) 2/3 ஆகவும் தோன்றியிருக்க வேண்டும். ஜைரோஸ்கோப்புகளோடு புவியைச் சுற்றிய கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளின் 2011-ஆம் ஆண்டு முடிவில், முன்னது ஆண்டுக்கு 37.2 மில்லி வில்நொடி, பிழை 7.2 (பொதுச் சார்பியல் 39.2), பின்னது 6601.8, பிழை 18.3 (பொதுச் சார்பியல் 6606.1). 39.2-இன் முக்கால் பங்கு 29.4 என்பதால் முதல் அளவீடு தனியாக எதையும் அறுதியிட்டுச் சொல்லாது, ஆனால் இரண்டாவது இலேசான ஸ்கேலாருக்கு இடமே தரவில்லை. காசினி விண்கலத்தின் 2003-ஆம் ஆண்டு முடிவு காமாவை 1-க்கு இலட்சத்தில் சில பங்குக்குள் நிறுத்திவிடுவதால், இந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது.

கமேலியன் மறைப்பு (அடர்த்தி மிகுந்த இடத்தில் ஸ்கேலாரின் விளைவு ஒடுங்கிவிடுவது) உள்ள மாதிரியை எடுத்துத் தப்பலாம் என்று எண்ணினால், அங்கே புவிக்குள் ஸ்கேலாரின் நிறை அடர்த்தியோடு மாறுகிறது. நேரியலாக்கம் உடைவதால், மேலே சொன்ன புள்ளி நிறைச் சூத்திரத்தைப் புவிக்குப் பயன்படுத்தாதீர்கள்.