கொழிஞ்சாம்பாறை வீடு: குடும்பக் குழு

அத்தை: நான் டெபாசிட் போட்ட கூட்டுறவுச் சங்கத்துக் கதவில் கலைப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே நடந்த மோசடிக்கு இனி யாரும் போலீசுக்குப் போக முடியாதாம். பழைய செயலாளரே சந்தையில் சொன்னார்.

அண்ணி: ஐயோ.

பெரியப்பா: பொறு. தம்பி சொல்லட்டும்.

சித்தப்பா: அக்கா, அது பொய். கேரளக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1969-இல் 71-ஆம் பிரிவின்படி சங்கத்தைக் கலைக்கிறார்கள். 72-இன்படி கலைப்பு அலுவலர் வருகிறார். சொத்தைத் திரட்டி, கடனை வசூலித்து, தர வேண்டியவர்களுக்குத் தருவது அவர் வேலை. கலைவது சங்கம் மட்டும்தான். உங்கள் டெபாசிட்டின் மேல் 2021-இல் போலிக் கையெழுத்துப் போட்டுக் கடன் எடுத்தவர் எங்கே கலைந்தார்? சங்க விவகாரங்களில் சிவில் கோர்ட்டுக்குத் தடை இருக்கிறது, 100-ஆம் பிரிவு. அதைக் காட்டித்தான் அந்தச் செயலாளர் பயமுறுத்துகிறார். குற்ற வழக்குக்கு அந்தத் தடை கிடையாது.

அண்ணி: 68-ஆம் பிரிவு என்று ஏதோ நடந்ததே, சின்ன மாமா?

சித்தப்பா: அது சர்சார்ஜ். சங்கத்துக்கு வந்த இழப்பை, அதை உண்டாக்கியவர்களிடமிருந்து வசூலிக்க. தண்டனை வேறு. குற்றம் நடந்தது 2021 என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். நம்பி ஒப்படைத்ததைப் பொறுப்பில் உள்ளவர் கையாடினால், அதில் 409-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் கால வரம்பும் கிடையாது.

கோவை மாமா: ஞாயிறு வேலந்தாவளம் வழியாக வருகிறேன். தேங்காய் 20 எடுத்து வையுங்கள்.

அண்ணி: இப்போது தேங்காயா?

பெரியப்பா: செயலாளர் நம் சம்பந்தி வழி. ஸ்டேஷனுக்குப் போனால் நாளை ஒரு விசேஷத்தில் எப்படி முகத்தைப் பார்ப்பது?

அத்தை: என் வீட்டுக்காரர் இறந்தபோது வந்த பணம் அண்ணா. அங்கே போடச் சொன்னதே நீங்கள்தான்.

பெரியப்பா: மறக்கவில்லை அம்மா.

கோவை மாமா: சிறிய காயானாலும் சரி.

சித்தப்பா: இரண்டு வேலை, அக்கா. கலைப்பு அலுவலரிடம் கோரிக்கை மனு, நோட்டீஸில் உள்ள தேதிக்குள். ஸ்டேஷனில் புகார் தனி. பதிவேடுகள் இனி கலைப்பு அலுவலர் கையில் இருக்கும், அந்தக் கடன் பத்திரத்தை வரவழைக்கச் சொல்லி எழுதுங்கள். அசல் ரசீதை யாருக்கும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

நான்: திங்கள் காலை நான் லீவு போடுகிறேன் அத்தை. கூட யார்?

அண்ணி: எனக்குப் பள்ளிக்கூடம்.

பெரியப்பா: ஞாயிறு இரவு சொல்கிறேன்.

அத்தை: வந்தால் ஒன்பது மணி பஸ். வராவிட்டாலும் நான் போகிறேன்.

சித்தப்பா: நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா. கடைசித் தேதி தெரியும்படி.