குட்டை மோர்னிங் குளோரியில் இலை மட்டுமே செழிக்கிறது

கேள்வி (கோப்பாய்):
வணக்கம். குட்டை மோர்னிங் குளோரி என்று சொல்லித் தந்த பூங்கன்றுகள் மூன்றை வாங்கி, கிணற்றடி மாமரத்தின் கீழ் நட்டேன். இலையில் வெள்ளி மயிர் படர்ந்திருக்கும். பூ நல்ல நீலம். எரு இட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் தண்டு நீளுகிறதே தவிரப் பூவைக் காணவில்லை, அடியிலைகளும் மஞ்சளாகின்றன. இதே பெயரில் இலண்டனிலிருந்து தங்கச்சி அனுப்பிய விதைப் பொதியின் படத்திலோ நீலப் பூவின் நடுவே வெள்ளையும் மஞ்சளும் தெரிகின்றன. இரண்டும் ஒன்றுதானா?

பதில் 1 (சாவகச்சேரி):
அன்பின் சகோதரி, ஒரே குடும்பம், வேறு வேறு செடிகள். உங்களிடம் இருப்பது பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட எவோல்வுலஸ். கொடியேறாது, ஓரடி உயரத்துக்குள் தாழ்ந்து படரும். நம் தரிசு நிலங்களில் தரையோடு கிடக்கும் விஷ்ணுகிரந்தியும் இதே எவோல்வுலஸ் பேரினந்தான். காலை பத்து மணிக்குக் குனிந்து பாருங்கள்: எவரும் நீர் ஊற்றாத இடத்தில், சுண்டுவிரல் நகமளவு நீலப் பூ விரிந்திருக்கும். உங்கள் செடிக்கும் அந்த வெயிலே வேண்டும். நிழலிலும் மப்பு நாளிலும் பூ விரியாது. விரிந்தாலும் பிற்பகலில் சுருங்கிவிடும், அது நோயன்று. எருவை நிறுத்தி, மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுங்கள். வேர் அழுகத் தொடங்கினால் செடியைக் காப்பது கடினம் என்பதால், இப்போதே நான்கு விரல் நீளத்தில் நுனிகளைக் கிள்ளி ஈரமணலில் ஊன்றி வையுங்கள்.

பதில் 2 (பருத்தித்துறை):
விதைப் பொதியில் உள்ளது கொன்வொல்வுலஸ் ட்ரைகலர். மத்தியதரைக் கடற்கரைச் செடியாகையால் நம் கோடையைத் தாங்காது. மாரி மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் மார்கழிக் கடைசியில், கடினமான அவ்விதைகளை ஓரிரவு ஊறவைத்து, நேரே நிலத்தில் ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் வேர் குலைந்துவிடும். பங்குனி வெயிலுக்கு முன் பூத்து முடியட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மாமரத்தடி மண்ணைக் கிளறிப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழத்தில் இன்னும் சேறாகவே இருக்கிறது. ஒரு கன்றின் வேர் கறுத்துவிட்டது. மற்ற இரண்டையும் மணல் கலந்த செம்மண்ணிட்ட சாடிகளுக்கு மாற்றி, முற்றத்து வெயிலில் வைத்துள்ளேன். ஆறு நுனிகளும் ஊன்றியாயிற்று.