ரஸ்ட்: பிறர் எழுதிய வகைக்கு மெத்தடும் மாற்றமும் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
ரஸ்ட் மொழியில், நிலையான நூலகத்தில் கால அளவைக் குறிக்கும் டியூரேஷன் வகைக்கு ஒரு மெத்தடைச் சேர்க்கவும், ஸ்ட்ரிங்கை (சரத்தை) டியூரேஷனாக மாற்ற ஃப்ரம் டிரெய்ட்டை (டிரெய்ட் என்பது ஒரு வகை தர வேண்டிய மெத்தடுகளின் பட்டியல்) எழுதவும் முயன்றேன். இரண்டையும் கம்பைலர் ஏற்க மறுக்கிறது. வழி உண்டா?

பதில் 1:
மெத்தடுக்கு உண்டு. உங்கள் கிரேட்டிலேயே (ஒன்றாகக் கம்பைல் ஆகும் நிரல் தொகுப்பு) ஒரு டிரெய்ட்டை அறிவித்து, அதை டியூரேஷனுக்கு இம்ப்ளிமென்ட் செய்யுங்கள். வேறு மாட்யூலிலிருந்து அழைக்கும்போது அந்த டிரெய்ட்டைக் கொண்டுவரும் யூஸ் வரியை மறந்தால், மெத்தடே இல்லை என்று பிழை வரும்.

பதில் 2:
ஃப்ரம் விஷயம் வேறு. டிரெய்ட், வகைகள் அனைத்தும் அயல் கிரேட்டுடையவை என்பதால் ஆர்ஃபன் விதி தடுக்கிறது. இல்லையேல் இரு கிரேட்டுகள் ஒரே மாற்றத்தை இருவிதமாக எழுதிவிட, எதை எடுப்பதென்று கம்பைலர் திணறும். எரிச்சலூட்டினாலும் நியாயமான விதிதான். டியூரேஷனை உங்கள் ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் பொதிந்து, அந்த ஸ்ட்ரக்டுக்கு மாற்றத்தை எழுதுங்கள். சரம் தவறாகவும் இருக்கக்கூடுமாதலால் ஃப்ரமைவிட, பிழையையும் திருப்பித் தரக்கூடிய ஃப்ரம்ஸ்டிஆர் டிரெய்ட்டே பொருத்தம். அதை எழுதினால் சரத்தின் பார்ஸ் மெத்தட் தானாகவே வேலை செய்யும்.

பதில் 3:
அந்த ஸ்ட்ரக்டிலிருந்து டியூரேஷனுக்குத் திரும்ப ஃப்ரம் எழுதத் தடையில்லை. அதே மாற்றத்தை ஸ்ட்ரக்டின் பக்கமிருந்து அழைக்க உதவும் இன்டூவும் உடன் கிடைக்கும்.