பாஸ் 302 (2012): அகல ஃப்ளேருக்காகப் பின் குவார்ட்டர் பேனலை வெட்டலாமா?

நீலக்குதிரை:

வண்டி 2012 ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302. கோனா ப்ளூ, வெள்ளைப் பட்டை. பெயிண்டும் பட்டையும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கின்றன, எங்கும் பட்டி பார்க்கவில்லை.

திட்டம் இது. நாலு சக்கரத்துக்கும் 50 மிமீ யூரித்தேன் ஃப்ளேர் (சக்கர வளைவின்மேல் வெளியே நீட்டி மாட்டும் உறை), போல்ட் வெளியே தெரிகிற வகை. பின்னால் 19-க்கு 11 அங்குலச் (விட்டம், அகலம்) சக்கரத்தில் 325/30 டயர் (அகலம் 325 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 30 சதவீதம்), முன்னால் 19-க்கு 10-ல் 275/35. 25 மிமீ இறக்கம். பாஸ் 302-ன் லகுனா செக்கா பதிப்பில் வரும் மாதிரி பெரிய ஸ்ப்ளிட்டர் (முன் பம்பருக்கு அடியில் நீட்டும் தகடு). காற்றுத் திறப்பு வைத்த பானெட்.

பின் குவார்ட்டரை (பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடித் தகடு) வெட்டாமல் இந்த ஃப்ளேரை மாட்ட வழி உண்டா? வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் துரு வராமல் எப்படி முடிப்பது? பட்டையை அப்படியே காப்பாற்ற முடியுமா?

தகரவேலை:

வெட்டாமலும் மாட்டலாம். ஆனால் அப்படி மாட்டினால் அது வெறும் அலங்காரம். 11 அங்குலச் சக்கரத்தை வெளியே தள்ளி வைத்துவிட்டு உள்ளே பழைய விளிம்பை விட்டால், ஸ்பிரிங் அமுங்குகிற முதல் பெரிய பள்ளத்திலேயே அந்த விளிம்பு டயரின் தோளைக் கிழிக்கும். ஃப்ளேர் இதை மறைக்கும், தடுக்காது.

கணக்கைப் பாருங்கள். இப்போது பின்னால் இருப்பது 9.5 அங்குலம். 11 ஆக்கினால் 38 மிமீ கூடுகிறது. ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு) மாறாவிட்டால் உள்ளே 19, வெளியே 19. ஃப்ளேர் 50 மிமீ வெளியே நிற்கிறது, ஆகவே டயர் அதன் விளிம்போடு நிற்க ஆஃப்செட்டை இன்னும் 31 மிமீ குறைக்கவேண்டும். அப்போது டயரின் வெளிப்பாதி முழுக்கப் பழைய வளைவு விளிம்புக்கு நேர் கீழே வந்துவிடும். வெட்டவேண்டிய தேவை அங்கிருந்துதான் வருகிறது.

முன்னால் கவலையே வேண்டாம். முன் ஃபெண்டர்கள் எஃகு, போல்ட்டில் கழன்று வருபவை. சாதாரண மஸ்டாங்குக்கான ஒரு ஜோடி மாற்று ஃபெண்டர் வாங்கி அதை வெட்டுங்கள். ஒரிஜினல் ஜோடியைப் பட்டையோடு துணி சுற்றிச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பின் குவார்ட்டர் அப்படி இல்லை. அது கூரைத் தூண், சில் (கதவுக்குக் கீழே ஓடும் சட்டம்), டிக்கி எல்லாவற்றோடும் வெல்ட் ஆன பாகம். வெட்டினால் திரும்பப் பெற முடியாது. சாதாரண மஸ்டாங் ஜிடி என்றால் நான் தயங்கமாட்டேன். பாஸ் 302 இந்தத் தலைமுறையில் 2012, 2013 இரண்டே மாடல் ஆண்டுகளுக்குத்தான் வந்தது. கைபடாத குவார்ட்டரும் கம்பெனிப் பெயிண்டும் உள்ள வண்டிகள் குறைந்துகொண்டே போகும்.

அகல டயர்தான் நோக்கம் என்றால் 19-க்கு 10.5 சக்கரத்தில் 305/30 சரியான ஆஃப்செட்டில் இந்தப் பாடிக்குள்ளேயே அடங்கும். விளிம்பின் உள்மடிப்பை உருளையால் மேல்நோக்கி மடக்கினால் போதும். ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் மடக்காமல் நாலைந்து தடவையாக மடக்கவேண்டும். குளிர்ந்த பெயிண்ட் மடிப்பில் முடிக்கோடாக விரியும், துரு அங்கே தொடங்கும். ஒன்று மட்டும்: 305/30-ன் விட்டம் சுமார் 666 மிமீ, இப்போதுள்ள 285/35-க்கு 682. ஸ்பீடோமீட்டர் இரண்டரை சதவீதம் போலக் கூட்டிக் காட்டும். நீங்கள் சொன்ன 325/30 விட்டத்தில் (678) நெருக்கமாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாம்கியர்:

தகரவேலை அண்ணா சொல்வது விலை பற்றிய நியாயம். வண்டியை விற்கப்போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு அது மட்டும் போதாது. 1969-ல் வந்த முதல் பாஸ் 302-லேயே எஃப்60-15 டயர் உள்ளே போகவேண்டும் என்று கம்பெனியே சக்கர வளைவுகளை மாற்றித்தான் செய்தது. வெட்டுவது தவறில்லை, மூடாமல் விடுவதுதான் தவறு.

முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின் சீட் பக்கத்து டிரிம், டிக்கி பக்கத்து டிரிம், வளைவின் பின்னால் இருக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சு, ஒயர்கள் எல்லாம் வெளியே வரவேண்டும். வலது பக்கம் பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கிறது, அதன் குழாய் சக்கர லைனருக்குப் பின்னால் இறங்குகிறது. அந்தப் பக்கத்தில் குழாயைக் கழற்றி வாயை அடைக்காமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். முடிந்தால் வெட்டுவதற்குக் காற்று ரம்பம் பயன்படுத்துங்கள், பொறி குறைவு.

குறிப்பது வண்டி நாலு காலில் தரையில் நிற்கும்போது, இறக்கம் செய்து முடித்த உயரத்தில். ஜாக்கியில் தொங்கும்போது குறித்தால் ஃப்ளேரின் நடுவும் சக்கரத்தின் நடுவும் ஒத்துவராது. ஃப்ளேரை டேப் போட்டு நிறுத்தி வெளி விளிம்பை வரையுங்கள். அந்தக் கோட்டிலிருந்து குறைந்தது 25 மிமீ உள்ளே வெட்டுக்கோடு வரட்டும், போல்ட் உட்கார அந்த இடம் வேண்டும். பிறகு பின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஆக்சிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் ஏறும் எல்லையில் முட்டும் ரப்பர்) தொடும்வரை தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தூக்கி ஒரு தடவை, ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஒரு தடவை. இது ஒரே துண்டு ஆக்சில், ஒரு சக்கரம் ஏறும்போது மற்றதன் சாய்வும் மாறும். டயரைச் சுற்றி 12 மிமீ இடைவெளி எல்லா நிலையிலும் இருந்தால் வெட்டுக்கோடு சரி.

வெளித்தகடும் உள்ளே இருக்கும் வீல் ஹவுஸ் தகடும் வளைவின் விளிம்பில்தான் ஸ்பாட் வெல்ட் ஆகியிருக்கின்றன. அந்த விளிம்பை வெட்டி எடுத்த நிமிடத்தில் இரண்டும் பிரிந்து நடுவே குழி திறக்கும். பலர் அதில் சீலன்டைத் திணித்து ஃப்ளேரால் மூடிவிடுவார்கள். தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், டிக்கி ஓரத்தில் ஈரம் வந்தபிறகுதான் தெரியும். ஆகவே முதலில் வெளித்தகட்டை மட்டும் வெட்டுங்கள். உள்தகட்டை 20 மிமீ அதிகமாக விட்டு, 25 மிமீக்கு ஒரு கீறல் போட்டு, ஒவ்வொரு நாக்காக வெளித்தகட்டை நோக்கி மடக்குங்கள். நாக்கு எட்டாத இடத்தில் 0.8 மிமீ தகட்டுத் துண்டு வைத்து மூடுங்கள்.

வெல்டிங் 0.6 மிமீ கம்பியோடு மிக் (MIG) மெஷினில், புள்ளி புள்ளியாக. ஒரு புள்ளி வைத்ததும் 100 மிமீ தள்ளி அடுத்தது. கை பொறுக்கும் சூடு வந்த பிறகே பழைய இடத்துக்குத் திரும்புங்கள். தொடர்ந்து ஓட்டினால் குவார்ட்டரின் நடுத்தகடு அலை அலையாகிவிடும். அந்த அலையைப் பட்டி போட்டுத்தான் மறைக்கமுடியும், நீல மெட்டாலிக்கில் அது வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

வெல்ட் தேய்த்த பிறகு எபாக்ஸி பிரைமர், அதன்மேல் சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை), பிறகு மேல்பூச்சு. இந்த வரிசை மாறக்கூடாது. வெறும் தகட்டில் சீலர் போட்டால் அதன் அடியிலேயே துரு ஓடும். எல்லாம் காய்ந்தபின் உள்ளேயிருந்து குழி முழுவதும் மெழுகு ஸ்ப்ரே.

ஃப்ளேரைப் பிடிக்க எம்5 ரிவெட் நட் (தகட்டு ஓட்டையில் நசுக்கிப் பொருத்தும் மரையுள்ள நட்), 7 மிமீ ஓட்டை, 100 முதல் 125 மிமீ இடைவெளி. ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் எபாக்ஸி தொட்டுவிட்டுத்தான் நட்டை இறக்கவேண்டும். ஃப்ளேரில் உள்ள ஓட்டையை நீளவாக்கில் ஓவலாக்குங்கள். யூரித்தேன் எஃகைவிடப் பல மடங்கு விரியும்: ஒரு மீட்டர் நீளத் துண்டு 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மிமீ நீளும். வட்ட ஓட்டையில் இறுக்கிப் பூட்டினால் போல்ட்டுகளுக்கு நடுவே வெயிலில் உப்பி நிற்கும். நடு போல்ட்டை மட்டும் வட்ட ஓட்டையில் வையுங்கள். ஃப்ளேருக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் விளிம்புப் பட்டி கட்டாயம். இல்லாவிட்டால் தூசி உப்புத்தாளாக மாறிப் பெயிண்டைத் தேய்த்து எடுக்கும்.

பெயிண்ட்பூத்:

பானெட் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தத் தலைமுறை மஸ்டாங்கின் பானெட் அலுமினியம். முன் விளிம்பில் பெயிண்ட் கொப்பளிப்பது இதற்கு நன்றாகத் தெரிந்த நோய். எஃகு ஃபெண்டரைத் தேய்த்த அதே உப்புத்தாளை, அதே கிரைண்டர் வட்டை இதன்மேல் வைக்காதீர்கள். இரும்புத்துகள் அலுமினியத்தில் பதிந்தால் பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும், மேலே கொப்புளம் வரும். எஃகு வேலை முழுவதும் முடித்து இடத்தைக் கூட்டிய பிறகு பானெட்டுக்கு வாருங்கள். இன்னும் நல்லது, ஒரிஜினலைக் கழற்றி வைத்துவிட்டுத் திறப்போடு வரும் வேறு பானெட்டை வாங்குவது.

யூரித்தேன் ஃப்ளேரை அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகு அதன்மேல் இருக்கும். சோப்புத் தண்ணீர், பிறகு கிரீஸ் நீக்கி, அதன்பின்தான் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள், பெயிண்ட் மீன்கண் போல வட்டக் குழிகளாக விலகும். கிளியர் கோட்டில் (மேலே வரும் நிறமற்ற பூச்சு) வளைந்தாலும் வெடிக்காமல் இருக்க ஃப்ளெக்ஸ் சேர்மானம் சேருங்கள்.

பட்டை: முன் ஃபெண்டரை மாற்றினால் அதோடு பட்டையின் முன்பகுதியும் போகிறது. புதிய வினைல் அந்தத் துண்டுக்கு மட்டும் ஒட்டினால் கதவிலுள்ள பழைய வெள்ளையோடு நிறம் சேராது. இரண்டு பக்கமும் முழுதாக மாற்றுங்கள். பழையதை ஹீட் கன் வைத்து, பாடியோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்தெடுக்கவேண்டும். அடியில் இருக்கும் பெயிண்ட் வெயில் படாததால் கருநீலமாக இருக்கும். பாலிஷ் போட்டாலும் அந்த நிழல் முழுக்கப் போகாது, ஆகவே புதிய பட்டை அதே அளவில், அதே இடத்தில் வரவேண்டும். எடுப்பதற்கு முன் கதவு விளிம்பிலிருந்தும் சில்லிலிருந்தும் அளவு எடுத்துப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலக்குதிரை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் விட்டுப்போனது. பக்கவாட்டு எக்ஸாஸ்டின் தடுப்புத் தட்டை எடுத்தாயிற்று, இப்போது திறந்த குழாய். ஃப்ளேருக்குப் பிரச்சினை வருமா?

ஐந்தாம்கியர்:

வரும். அந்தக் குழாய் இரண்டு பக்கமும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் வெளியே வருகிறது. ஃப்ளேரின் முன் கால் சரியாக அந்தப் புகை போகிற வழியில் நிற்கும். யூரித்தேன் மென்மையாகி அலைபாயும், பெயிண்ட் பழுப்பேறும். தட்டைத் திரும்ப மாட்டுங்கள், அல்லது ஃப்ளேரின் முன் காலைக் குறுக்கி உட்புறம் அலுமினியத் தகடு ஒன்றை 10 மிமீ காற்றிடைவெளி விட்டு நிறுத்துங்கள். வெப்பத் துணியை நேராக ஒட்டினால் பசை இளகிக் கழன்றுவிடும். பக்க ஸ்கர்ட் வாங்குவதாக இருந்தால் குழாய்க்கு இடம் விட்டு வெட்டிய வடிவம்தானா என்று பாருங்கள். ஜிடி-க்குச் செய்த ஸ்கர்ட்டில் அந்த இடம் இருக்காது.

ஸ்ப்ளிட்டரை பம்பர் பிளாஸ்டிக்கில் மட்டும் திருகாதீர்கள். வேகத்தில் அது கீழே இழுக்கப்படும், பம்பர் உறை ஃபெண்டர் ஓரத்தில் இடைவெளி காட்டும். பின் விளிம்பை ரேடியேட்டர் தாங்கியோடும் முன் விளிம்பை இரண்டு கம்பிகளால் பம்பரின் உலோகத்தோடும் கட்டவேண்டும். முன்னால் மட்டும் பெரிய ஸ்ப்ளிட்டர் வைத்துப் பின்னால் ஏதும் மாற்றாவிட்டால் அதிவேகத் திருப்பத்தில் பின்பக்கம் லேசாகும். லகுனா செக்காவுக்குப் பெரிய பின் ஸ்பாய்லரும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

தகரவேலை:

இறக்கம் செய்ததும், ஃப்ளேர் குறிக்கும் முன்னால், பின் ஆக்சில் நடுவில் இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். பன்ஹார்ட் கம்பி (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பாடியோடு பிடிக்கும் கம்பி) ஒரு வில்லில்தான் சுழலும், ஆகவே பாடி கீழே இறங்கினால் ஆக்சில் ஒரு பக்கமாகச் சில மிமீ நகரும். நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் கம்பி போட்டு நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே வெட்டுக்கோடு. இல்லாவிட்டால் ஒரு பக்கம் டயர் உள்ளே, மறுபக்கம் வெளியே தெரியும்.

ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் வளையம்) வைத்துச் சமாளிக்க நினைத்தால் 70.5 மிமீ ஹப்பில் உட்காரும் வகை மட்டும். நட் இறுக்கம் 135 நியூட்டன் மீட்டர், 100 கிமீ ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் டயரின் ஓடுபகுதி ஃபெண்டருக்கு வெளியே நீட்டினால் சோதனையில் நிறுத்துவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புக்கொண்ட மதிப்பு வகைக்கு மாற்றுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்துக்கு விபத்தில் பணம் மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

என் பரிந்துரை: முதலில் 305-ஐயும் மாற்று முன் ஃபெண்டர்களையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். பின் குவார்ட்டர் எங்கும் போய்விடாது, அதை எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.