டிரையர் புளோயருக்கு வி.எஃப்.டி. பொருத்திய பிறகு எடைக்காட்டி தடுமாறுகிறது

கேள்வி: அரிசி ஆலைப் பராமரிப்பு, மன்னார்குடிப் பக்கம்

வணக்கம். குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவிவதற்குள் டிரையர் புளோயரின் 20 எச்.பி. மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு டிரைவ்) பொருத்தினோம். மோட்டார் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் டிரைவை ஓடவிட்டதும் 150 கிலோ எடைமேடையின் காட்டி ஓரிடத்தில் நிற்காமல் முந்நூறு, நானூறு கிராம் மேலும் கீழும் ஆடுகிறது. நிறுத்தினால் உடனே நிலைக்கிறது. லோடு செல் (எடையை மின் சிக்னலாக மாற்றும் உணரி) வயரும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் ஏறத்தாழ 25 மீட்டர் சேர்ந்தே செல்கின்றன. எடைமேடைக்குத் தனி எர்த் குழி போட்டால் சரியாகிவிடும் என்று பேனல் பொருத்தியவர் கூறுகிறார். போடலாமா?

பதில்: பேனல் கட்டுபவர், கும்பகோணம்

குழி போட வேண்டாம், ஐயா. டிரைவுக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. எனும் மின்னணு சுவிட்சுகள் சுமார் 580 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் அழுத்தம் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்குவதால், கேபிளுக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத்திறன்) வழியே உயர் அதிர்வெண் மின்னோட்டம் கசிகிறது. அது எப்படியும் டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். நாம் குறுகிய வழி தராவிட்டால், டிரே, கட்டட இரும்பு, லோடு செல் வயரின் ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோக உறை) எனக் கிடைத்த வழியில் திரும்பும்.

நம் டெல்டா மண்ணின் ஈரத்துக்கு எர்த்தின் மின்தடை குறைவாக நன்றாகவே வரும். ஆனால் அது 50 ஹெர்ட்ஸுக்கான கணக்கு. நேரான வயரின் இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி என்பதால், 5 மீட்டர் எர்த் வயரே 1 மெகாஹெர்ட்ஸில் 30 ஓம் தடுக்கும்; குழி எவ்வளவு நன்றாக இருந்தும் அதற்குப் பயனில்லை. பிற எர்த்துடன் இணைக்காத தனிக் குழி, இடி விழும்போது ஆபத்தும் கூட.

மோட்டாருக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டைப் பேனல் தட்டிலும் மோட்டார் டெர்மினல் பெட்டியிலும், அதாவது இரு முனையிலும் எர்த் செய்யுங்கள். பல பேனல்களில் ஷீல்டைச் சடைபோலத் திரித்து ஒரு லக்கில் மாட்டியிருப்பார்கள். அப்படித் திரித்த நாலு அங்குலமே ஷீல்டின் பலனில் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும். மேலுறையை உரித்து, ஷீல்டைச் சுற்றிலும் உலோகக் கிளாம்ப் கவ்வும்படி தட்டில் இறுக்க வேண்டும், கிளாம்புக்கு அடியில் பெயின்டையும் சுரண்டிவிட வேண்டும். லோடு செல் வயர் மோட்டார் கேபிளிலிருந்து குறைந்தது 30 செ.மீ. விலகிச் செல்லட்டும், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

பதில்: எடைக் கருவி பழுதுபார்ப்பவர், தஞ்சாவூர்

மேலே சொன்னது சரி. பொதுவாக லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் 10 மில்லிவோல்ட்தான் திரும்பி வரும். உங்கள் மேடையில் 300 கிராமுக்குரிய சிக்னல் 20 மைக்ரோவோல்ட்டைத் தாண்டாது. அதனால்தான் மற்ற எதுவும் அசையாதபோதும் எடைக்காட்டி மட்டும் ஆடுகிறது. இந்த வயரின் ஷீல்டைக் காட்டியின் பக்கம் மட்டும் இணையுங்கள். கேபிள் வாங்குவதற்கு முன்பே டிரைவின் கேரியர் அதிர்வெண் (அழுத்தத்தை வெட்டும் வேகம்) 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் 4-க்குக் குறைத்துப் பாருங்கள். மோட்டார் கொஞ்சம் கூடுதலாகக் கீச்சிடும், ஆனால் புளோயர் இரைச்சலில் அது யார் காதிலும் விழப்போவதில்லை. டிரைவில் இ.எம்.சி. திருகு (மின் இரைச்சலை அடக்கும் உள் ஃபில்டருக்கானது) மாட்டியே இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

4-க்குக் குறைத்ததும் ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கியது, நன்றி. திருகு இல்லை, இ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் பிரேக்கர்) அடிக்கடி விழுந்ததால் கழற்றிவிட்டார்களாம்.

பதில்: பேனல் கட்டுபவர், கும்பகோணம்

அந்தத் திருகுதான் உள் ஃபில்டரை எர்த்துடன் இணைக்கிறது. நியூட்ரல் எர்த் செய்யப்படாத சப்ளையில்தான் அதைக் கழற்ற வேண்டும். நமது மின்வாரிய சப்ளை அப்படிப்பட்டதல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, டிரைவின் மேல் குறித்துள்ள நிமிடங்கள் கழிந்து கெப்பாசிட்டர்கள் வடிந்த பிறகே கை வைத்துத் திருகை மாட்டுங்கள். 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. ஃபில்டரின் கசிவுக்கே விழலாம் என்பதால், அந்த வரிசைக்கு டிரைவுக்கு ஏற்ற டைப் பி, 300 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி.யைப் போட்டு எர்த் தொடர்ச்சியைச் சோதித்துவிடுங்கள்.

பதில்: விவசாயி, திருவையாறு

எங்கள் போர்வெல் நீர்மூழ்கி மோட்டாருக்கு டிரைவ் மாட்டியது முதல் 936 கிலோஹெர்ட்ஸ் திருச்சி வானொலியில் இரைச்சல் மட்டுமே கேட்கிறது. குழிக்குள் இறங்கும் தட்டைக் கேபிளுக்கு ஷீல்டும் கிடையாதே?

பதில்: பேனல் கட்டுபவர், கும்பகோணம்

குழிக்குள் ஷீல்டு போட முடியாதுதான். டிரைவிலிருந்து குழி வாய் வரை ஷீல்டு கேபிளும், டிரைவின் வெளியீட்டில் டி.வி. பை டி.டி. (dv/dt, அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும்) ஃபில்டரும், உள்ளீட்டில் இ.எம்.சி. ஃபில்டரும் போடுங்கள். நீளமான கேபிளில் அலை எதிரொலித்து மோட்டார் முனையில் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், வெளியீட்டு ஃபில்டர் வைண்டிங்கையும் காக்கும்.