டெபியனில் ஓப்பன்எல்டாப்: கடவுச்சொல் சரி, ஆனாலும் பிழை 49

கணினி_டீச்சர்:
வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறையில் எல்லாமே டெபியன் லினக்ஸ். மாணவர்கள் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ஒரே பயனர் பெயரில் நுழைய வேண்டும். அதற்காக, பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் ஓப்பன்எல்டாப்பை ஒரு டெஸ்க்டாப்பில் போட்டேன்: அதன் சர்வரான ஸ்லாப்டி, கட்டளைக் கருவிகளான எல்டாப்-யுடில்ஸ் இரண்டையும் நிறுவினேன். அட்மின் கடவுச்சொல்லை மட்டும்தான் கேட்டது, டொமைனைக் கேட்கவே இல்லை. இப்போது "சிஎன்=அட்மின்,டிசி=ஸ்கூல்,டிசி=லேன்" என்று உள்ளே போனால் "இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ் (49)" என்கிறது. கடவுச்சொல் நிச்சயம் சரி.

கருப்புத்திரை:
டீச்சர், கடவுச்சொல்லை விடுங்கள், பெயரைப் பாருங்கள். இல்லாத பெயரில் நுழைந்தாலும் ஓப்பன்எல்டாப் இதே 49-ஐத்தான் தரும். எந்தப் பெயர் இருக்கிறது, எது இல்லை என்று வெளியாளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

"சுடோ ஸ்லாப்கேட்" கொடுங்கள், தரவுத்தளத்தில் இருப்பதைக் காட்டும். முதல் வரியில் "டிசி=நோடொமைன்" என்று வரும் என நினைக்கிறேன். கணினிக்கு முழு டொமைன் பெயர் இல்லாவிட்டால் டெபியன் அப்படித்தான் வைத்துக்கொள்ளும். ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பில் முழுப் பெயரை எழுதிவிட்டு, "சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஸ்லாப்டி" ஓட்டுங்கள். இந்த முறை டொமைனைக் கேட்கும். பழைய தரவுத்தளத்தை நகர்த்தவா என்றால் சரி என்று சொல்லுங்கள், அது வார் பேக்கப்ஸ் கோப்புறைக்குப் போய்விடும்.

அப்புறம், மாணவர்களைச் சேர்க்கும் முன், அவர்கள் கணக்குகள் இருக்கப்போகும் "ஓயு=பீப்பிள்" பிரிவைச் சேருங்கள். மேல் கிளை இல்லாமல் கீழே சேர்த்தால் பிழை 32 வரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் போடாமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். 389-ஆம் போர்ட்டில் குறியாக்கம் இல்லாமல் நுழைந்தால் கடவுச்சொல் அப்படியே கம்பியில் போகும். அந்தப் போக்குவரத்தைப் பிடிக்க முடிந்தவர் வயர்ஷார்க் என்ற வலையமைப்பு ஆய்வுக் கருவியில் படித்துவிடலாம். பல பிள்ளைகள் அதே கடவுச்சொல்லைத்தான் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார்கள். மாணவர் கணினிகளில் நுழைவைச் சரிபார்க்க எஸ்எஸ்எஸ்டி சேவையைப் பயன்படுத்தினால் குறியாக்கம் இல்லாத இணைப்பில் அது கடவுச்சொல்லைச் சரிபார்க்கவே மறுத்துவிடும். நல்ல பிடிவாதம் அது.

வேர்_பயனர்:
புதிதாகத்தானே தொடங்குகிறீர்கள், ஓப்பன்எல்டாப்புக்கு மாற்றான 389 டைரக்டரி சர்வரையும் பாருங்கள். நெட்ஸ்கேப் காலத்து மரபில் வந்தது, ரெட் ஹாட் வளர்க்கிறது. "டிஎஸ்கிரியேட் இன்டராக்டிவ்" கொடுத்தால் கேள்வி கேட்டே அமைத்துவிடும், தானே ஒப்பமிட்ட சான்றிதழையும் உருவாக்கித் தரும்.

கருப்புத்திரை:
நல்ல சர்வர்தான். ஆனால் ஒரே ஓர் அறைக்கு ஸ்லாப்டி போதும் என்பது என் கருத்து.

கணினி_டீச்சர்:
நீங்கள் சொன்னபடியே நோடொமைன்தான் இருந்தது! ரீகான்ஃபிகர் செய்ததும் "எல்டாப்-ஹூஆம்ஐ" என் பெயரைச் சரியாகச் சொல்கிறது. மிக்க நன்றி. டிஎல்எஸ்ஸுக்கான சான்றிதழும் தயார். ஆனால் அதன் சாவிக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் ஸ்லாப்டி ஏற்க மறுக்கிறது. பாதையில் எழுத்துப் பிழை இல்லை.

கருப்புத்திரை:
கோப்பு ரூட் (தலைமை நிர்வாகி) பெயரில் இருக்கும். டெபியனில் ஸ்லாப்டி "ஓப்பன்எல்டாப்" என்ற பயனராக ஓடுகிறது. கோப்பின் குழுவை ஓப்பன்எல்டாப் என்று மாற்றி 640 அனுமதி (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழு படிக்க மட்டும்) கொடுங்கள். கோப்பு இருக்கும் கோப்புறைக்குள்ளும் அந்தப் பயனர் நுழைய முடிகிறதா என்று பாருங்கள்.