மறு: ரேடியேட்டருக்குச் 'சூடாற்றி' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய வண்டியில் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரைக் குறைந்த செலவில் மாற்றுவது பற்றிய கையேட்டுக்குக் 'கதிர்வீசி' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. ஆங்கிலப் பெயருக்கு அது நேராக இருக்கலாம், கருவிக்குப் பொருந்தவில்லை. ரேடியேட்டரிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பம் சிறு பங்கே. மீதியை, தகடுகளுக்கு இடையே புகுந்து செல்லும் காற்றுதான் அள்ளிச் செல்கிறது. 'வெப்பமாற்றி' என்றால், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலரும், ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரும் அதற்குள் அடங்கிவிடும்.

நான் முன்வைப்பது 'சூடாற்றி'. கொதிக்கும் டீயை நீளமாக இழுத்து ஆற்றுவதைப் போல, இதுவும் சூடான நீரை மெல்லிய குழாய்களில் பிரித்து ஓடவிட்டுக் காற்றால் தணிக்கிறது. 'ஆற்றி' என்பது செயலாற்றுவதையும் குறிக்குமே எனலாம். முன்னால் 'சூடு' நிற்கும்போது அந்தக் குழப்பம் எழாது.

உறுப்புப் பெயர்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் செலவு அங்கேதான் முடிவாகிறது. அம்பாசடர் காலத்து ரேடியேட்டர்களில் பித்தளைத் தொட்டிகளும் பித்தளைக் குழாய்களும் செம்புத் தகடுகளும் ஈயப் பற்றால் இணைந்திருக்கும். தகடுகள் உறுதியாக இருந்து, தொட்டி விளிம்பில் மட்டும் பச்சை பூத்துக் கசிந்தால், பற்று வைத்தாலே போதும். விரல் பட்டவுடன் தகடுகள் பொடியாக உதிர்ந்தாலோ, போர் தண்ணீரின் உப்புப் படிந்து குழாய்கள் பல அடைத்திருந்தாலோ, தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றலாம். பட்டறையில் இதைக் 'கோர் மாற்றுவது' என்பார்கள். அலுமினியக் கோருடன் பிளாஸ்டிக் தொட்டியை மடக்கிப் பொருத்திய பிற்கால வகையில் தொட்டி விரிசல் விட்டால், பெரும்பாலும் முழுவதையும் மாற்ற நேரும். எனவே கோருக்குக் 'குழாயடுக்கு' என்று திட்டமான பெயர் வேண்டும். 'உள்ளகம்' என்பது எதற்கும் பொருந்துகிற சொல். ரசீதில் அதைப் படிப்பவர் எதற்குப் பணம் கொடுத்தோம் என்று அறியமாட்டார்.

மூடியை வெறும் 'மூடி' என்று விட்டுவிடுவதும் சரியல்ல, 'அழுத்தமூடி' என்றே எழுத வேண்டும். சுமார் 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, வெறும் நீரின் கொதிநிலையையே 118 டிகிரி செல்சியசுக்கு அருகில் உயர்த்திவிடும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் நீர் முன்கூட்டியே கொதித்து வெளியேறும். கோளாறு மூடியில் என்று அறியாமல், நல்ல ரேடியேட்டரைக் குறைகூறி மாற்றிவிடுவோரும் உண்டு. ஆகவே கையேட்டில் அழுத்தமூடிச் சோதனை முதலில் வரட்டும், எஞ்சின் ஆறிய பிறகே அதைத் திறக்க வேண்டும் என்ற எச்சரிக்கையுடன்.

'சூடாற்றி' ஏற்கப்பட்டாலும், ஒவ்வொரு பகுதியிலும் முதல் முறை வரும்போது 'ரேடியேட்டர்' என்பதையும் சேர்த்தே எழுதலாம். உதிரிபாகக் கடையில் இப்போதைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால்தான் பொருள் கிடைக்கும்.